சகலைக்காக வாங்கிய கார்டு

உடம்புக்கு ஒன்றும் இல்லை சார். முகம் கடுகடுவென்று இருப்பது பிறவியிலேயே அப்படி. போனா? அடிக்கட்டும். சமயபுரம் தாண்டியதிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எடுக்க மாட்டேன். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், சத்தத்தைக் குறைக்கிறேன். ஆனால் அணைக்க மாட்டேன். அணைத்துவிட்டால் எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவசரம்தான். தஞ்சாவூரில் இன்றைக்கு ஒரு கல்யாணம். என் மனைவி மங்கையின் தங்கை மகள், யாழினி. நான் அந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா. அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். மூத்த மாப்பிள்ளை எங்கே? உங்கள் பக்கத்து சீட்டில், மெட்ராஸ் பஸ்ஸில். நான் இல்லாமல் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத்தானே போகிறேன்.

சும்மா போகவில்லை. கார்டு வாங்கப் போகிறேன். ஏ.டி.எம். கார்டு இல்லை சார், நெட்வொர்க் கார்டு. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். என் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, ஸ்டோரேஜ் சர்வர் என்பார்கள். உள்ளே நாலு ஹார்டு டிஸ்க். எங்கள் இரண்டு குடும்பத்துப் போட்டோ, வீடியோ எல்லாம் அதில்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பெரிதானால் என்ன, வெளியே வருகிற குழாய் ஒடிசலாக இருந்தால் குளிக்கிறவன் சோப்போடு நிற்க வேண்டியதுதான். அந்தக் குழாய்தான் நெட்வொர்க் கார்டு. என் வீட்டில் நான் சோப்போடு நின்றேன் சார். நிற்க வைத்தவன் பெயர் திருஞானம். யாழினியின் அப்பா. என் சகலை.

அவனைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துவிடும். அதுதான் அவனிடம் இருக்கிற கெட்ட குணம். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். எல்லாரிடமும் சிரிப்பு. நான் சார்ஜாவில் துறைமுகக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன், பாதி ஆயுளை அங்கே கொடுத்தேன். அந்தக் காலமெல்லாம் மாமனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது, மாமியாருக்கு மாத்திரை வாங்கியது, வீட்டுக்கு மோட்டார் மாற்றியது எல்லாம் இவன். ஊரைவிட்டுப் போன மூத்தவன் இடத்தை எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொரு மாத்திரையாகத் திட்டம் போட்டிருக்கிறான். நான் திரும்பி வந்து அந்த வீட்டுக் கூடத்தில் கால் வைத்தால், மூத்த மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில் அவன். என்னைப் பார்த்ததும் எழுந்தான். ‘அண்ணே, உக்காருங்க’ என்றான். என் நாற்காலியை எனக்கே தானம் கொடுக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமனாருக்குத் திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம் நடந்தது. வீடியோ எடுத்தவனிடம் நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன், சுருக்கிக் கொடுக்காதே, கேமராவில் இருப்பதை இருக்கிறபடியே கொடு என்று. கொடுத்தான். மலை மாதிரி இருந்தது. சர்வரில் ஏற்றினேன். எல்லாரையும் திருச்சியில் என் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடித்து, பெரிய டிவி முன்னால் மாமனார், அத்தை, மங்கை, திலகா, திருஞானம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். திலகா என் மைத்துனி, திருஞானத்தின் சம்சாரம். போட்டேன். ஓடியது. அத்தை மாலையைத் தூக்குகிறார்கள், மாமனார் குனிகிறார். நின்றுவிட்டது சார். மாலை அந்தரத்தில். நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. கொஞ்சம் ஓடும், நிற்கும். ஓடும், நிற்கும்.

அப்போது சொன்னான் திருஞானம்: ‘அண்ணே, உங்க பெட்டிக்கு மாமாவோட வாக்கர வாங்கிக் குடுங்க. புடிச்சிக்கிட்டு நடக்கட்டும்.’

சிரிப்பு என்றால் உங்கள் வீட்டு, எங்கள் வீட்டுச் சிரிப்பு இல்லை. மாமனார் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். திலகா சிரித்தாள். கட்டின பெண்டாட்டி மங்கை, அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அத்தைதான், ‘பரவால்ல மாப்ள, இன்னொரு நா பாத்துக்கலாம்’ என்றார்கள். அது சிரித்ததை விட மோசம். இரக்கம். இருபது பேருக்கு வேலை சொன்னவன் சார் நான். என் வீட்டுக் கூடத்தில், என் சாம்பாரைச் சாப்பிட்ட வாயாலேயே என் மூக்கை அறுத்துவிட்டுப் போனான்.

அன்றைக்குக் கறுவிக்கொண்டேன். இவன் இதே சோபாவில் உட்கார்ந்து, இதே வீடியோ தண்ணீராக ஓடுவதைப் பார்த்து, மாமனார் காது கேட்க, ‘வேகமா இருக்குண்ணே’ என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த வீடியோவை யாருக்கும் போடுவதில்லை.

அடுத்த வாரமே அவன் போன் செய்தான். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அதோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

கடையில் கேட்டார்கள், ‘எந்த கார்டு சார் வேணும், எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க?’ சகலைக்கு என்று சொல்ல முடியுமா? ஆபீஸ் வேலை என்றேன். என் பெட்டியில் ஏற்கெனவே இருந்தது ஒரு கிகா வேகம். அதற்கு மேலே இரண்டரை, ஐந்து, பத்து என்று இருக்கின்றன. நியாயமாகப் பார்த்தால் இரண்டரை போதும். எனக்கே தெரியும். நாலு டிஸ்க்கும் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினாலும் பத்தில் பாதி தேறாது. விலையும் குறைவு, சூடும் ஆகாது. ஆனால் நீங்களே சொல்லுங்கள், இரண்டரை என்று அவனிடம் போய் எப்படிச் சொல்வது? ‘என்னண்ணே, காப்பிப்பொடி மாதிரி அரை, காலுன்னு வாங்கிருக்கீங்க?’ என்பான். பத்து என்றால் கேட்கும்போதே ஒரு அதட்டல் இருக்கிறது.

பத்திலும் இரண்டு ஜாதி. ஒன்று வீடுகளுக்கென்று வருகிற புதுக் கார்டு, பரம சாது. இன்னொன்று பெரிய ஆபீஸ் சர்வர்களில் ஓடி, அங்கே கழற்றி விற்றது. செகண்ட் ஹேண்ட், ஆனால் முரடு. எனக்கு முரடுதான் பிடித்தது. வாங்கி வந்தால் அதன் கால் நீளம், என் பெட்டியில் இருக்கிற பள்ளம் குட்டை. திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பள்ளத்தின் முனையைச் சின்ன ரம்பத்தால் அறுத்தேன். கை ரம்பத்தில், மனசு திருஞானத்தில். அழகாக அறுபட்டது. உட்கார்ந்ததும் சூடு, தொட்டால் தோசைக்கல். அதற்குத் தனியாக ஒரு ஃபேன் மாட்டினேன். சமையலறையிலிருந்து மங்கை கேட்கிறாள், ‘கூடத்துல யாருங்க மாவு அரைக்கிறது?’

கார்டு வாங்கினால் கார்டோடு முடியாது சார். அதற்கு ஈடுகொடுக்க, ஒயர்களையெல்லாம் சேர்க்கிற ஸ்விட்ச் வேண்டும், அதுவும் வாங்கினேன். பழைய ஒயர் தாங்காது என்று கூடத்துச் சுவரை உடைத்து, டிவி வரைக்கும் புது ஒயர் இழுத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். தனியாகத்தான்.

டிவியில் போட்டுப் பார்த்தீர்களா என்கிறீர்கள். மங்கையும் அதைத்தான் கேட்டாள். ‘எல்லாந்தான் முடிஞ்சிடுச்சே, ஒரு தடவ போடுங்களேன். அம்மா மாலை எடுக்கறத பாத்துக்கறேன்.’ முடியாது என்றேன். முதலில் அவன் கண்தான் பார்க்க வேண்டும். சொன்ன சொல் சொல்தான். இதற்கு நடுவில் பங்குனியில் அத்தை தவறிவிட்டார்கள். தூக்கத்திலேயே போய்விட்டது உயிர், கஷ்டப்படவில்லை. அது வேறு விஷயம். அந்தச் சாவு வீட்டில்கூட பந்தல் போட்டது யார், ஐஸ் பெட்டிக்குச் சொன்னது யார் என்கிறீர்கள்? மூத்தவன் நான் போய் நிற்பதற்குள் எல்லாம் முடித்து வைத்திருந்தான். துக்க வீட்டில்கூட எனக்கு ஒரு வேலை மிச்சம் வைக்கவில்லை அந்தப் பாவி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததும் மங்கை மறுபடி கேட்டாள். ‘இப்பவாவது போடுவீங்களா?’ என்றாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ‘அவன் வரட்டும்’ என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

அவன் வந்தால்தானே? கடை, துக்கம், மாமனாரைப் பார்த்துக்கொள்வது என்று ஏதாவது சாக்கு. வரவழைக்கிற கயிறு என் கையில்தான் இருந்தது. அவர்கள் வீட்டு ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனதிலிருந்து யாழினி பிறந்தது முதல் எடுத்த போட்டோ எல்லாம் என் பெட்டியில்தான். திலகா அவள் வீட்டிலிருந்தே திறந்து பார்க்கிற மாதிரி நான்தான் வழி செய்து கொடுத்திருந்தேன். அந்த வழியை அடைத்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அதோடு என் வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன், அவன் வந்தால் ஓசியில் உபயோகிக்கக் கூடாது என்று.

அத்தையின் வருஷத் திதி முடிந்து யாழினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரிசப்ஷனில் பெரிய திரை வைத்துக் குழந்தையிலிருந்து எடுத்த படங்களைப் போடுவார்கள் இல்லையா? திலகா போன் செய்தாள். ‘அத்தான், யாழினி போட்டோ எதுவும் தெறக்க மாட்டேங்குது.’ குரலில் அழுகை. ‘நேரில் வரச் சொல் உன் வீட்டுக்காரனை. மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிவியில் ஒரு படம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போகலாம்’ என்றேன்.

வந்தார்கள். மாமனாரை அவன்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். சோபாவில் உட்கார வைத்தேன். பெட்டியைத் திறந்து கார்டைக் காட்டினேன். இது பத்து கிகா, இதற்கு முன்னால் ஒன்றுதான் என்றேன். ‘பத்து மடங்கா!’ என்று கண்ணை விரித்தான். விரி, விரி என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் ஒயர் போகிற பாதையைக் காட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் சிலர் சிரித்தார்கள் என்றேன். மங்கை தரையைப் பார்த்தாள்.

போட்டேன்.

அத்தை வந்தார்கள். பட்டுப் புடவை, மூக்குத்தி. மாலையைத் தூக்கினார்கள்.

நின்றுவிட்டது.

அதே இடம் சார். ஒரு விரல்கடை முன்னே இல்லை, பின்னே இல்லை. வட்டம் சுற்றுகிறது. பக்கத்தில் அந்த ஃபேன் மட்டும் மாவு அரைக்கிறது. நான் அவன் வாயைத்தான் பார்த்தேன். சிரி. சிரித்துவிடு. சிரித்தால் இரண்டு வருஷக் கோபத்தையும் அங்கேயே கொட்டியிருப்பேன். சிரிக்கவில்லை. எழுந்தான், டிவிக்குப் பின்னால் கையை விட்டான், நான் சுவரை உடைத்துக் கொண்டு வந்த ஒயரைப் பிடுங்கினான்.

‘டேய்’ என்றேன். மாமனார் முன்னால் அவனை டேய் என்றேன்.

‘ஒரு நிமிஷம்ணே. வைஃபை பாஸ்வேர்டு என்ன?’

மங்கைதான் சொன்னாள், எழுத்து எழுத்தாக. போட்டான். ஓடியது சார். மாலை இறங்கியது, மாமனார் கழுத்தில் விழுந்தது, அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், அட்சதை, மேளம், எல்லாம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது.

‘டிவிக்குப் பின்னால ஒயர் சொருகுற எடம் இருக்குல்லண்ணே, அதுல வேகம் ரொம்பக் கம்மி’ என்கிறான். ‘வைஃபைல அந்தத் தொல்லை இல்ல. எங்க கடை டிவிலயும் இதே கூத்துதான். உங்க பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல, பழைய கார்டே போதும். அப்பவே சொல்லலாம்னுதான் போன் அடிச்சேன், நீங்க எடுக்கல.’

கேட்டீர்களா? பெட்டி மேல் குற்றம் இல்லையாம். சர்ட்டிபிகேட் கொடுக்கிறான். அதாவது கார்டு வீண், ஸ்விட்ச் வீண், உடைத்த சுவர் வீண், நான் வீண். தெரிந்துகொண்டே என்னை இவ்வளவு தூரம் ஓடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான். போன் எடுக்கவில்லை என்றால் நேரில் வந்து சொல்வதுதானே?

மாமனார் அழுதுகொண்டிருந்தார். ‘நல்லா பாத்துட்டேன்ப்பா அவள’ என்று சொல்லிக் கையை நீட்டினார். எட்டிய தோள் அவனுடையது. மங்கையும் திலகாவும் ஒருத்தி மடியில் ஒருத்தி. நான் எழுந்து போய் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கார்டில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் வந்து பார்க்கவில்லை.

அன்றைக்கே மங்கை யாழினி படங்களை எல்லாம் நகலெடுத்துக் கொடுத்துவிட்டாள். பாஸ்வேர்டு அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ‘நீங்க வேற என்ன வச்சிருப்பீங்க, அவர் பேரும் ஒரு கெட்ட வார்த்தையுந்தான்’ என்றாள். கல்யாண வேலைக்கு என்று போனவாரம் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். ‘வர்றதும் வராததும் உங்க இஷ்டம். ஆனா வந்தா அந்த டிவிய வீட்டுல விட்டுட்டு வாங்க’ என்றாள். டிவியை யாராவது கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா? துக்கத்தில் பேசுகிறாள்.

நான் விடுவதாக இல்லை. அந்த டிவி துளையே வேண்டாம். டிவிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்து, ஒயரிலேயே ஓட்டிக் காட்டுகிறேன். அதற்கு இருபத்தைந்து கிகா கார்டு. திருச்சியில் கிடைக்காது, மெட்ராஸ் ரிச்சி தெருவில் ஒருவன் எடுத்து வைத்திருக்கிறான். இன்றைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று நாள் குறித்தது நான்தான். பெரியப்பா எங்கே, பெரியப்பா எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்க வேண்டும். அவன் பதில் சொல்ல முடியாமல் முழிக்க வேண்டும். வேகமா இருக்குண்ணே என்று ஒரு வார்த்தை. அதைத்தானே கேட்டேன்?

இதோ, மறுபடி. இருங்கள், இது மங்கை இல்லை. திருஞானம். வீடியோ கால். இதற்குத்தான் சார் காத்திருந்தேன். கெஞ்சப் போகிறான். நீங்களும் பாருங்கள், சாட்சிக்கு.

சொல்லு. ஆமாம், பஸ்ஸில்தான். எங்கே போனால் உனக்கென்ன?

பார்த்தீர்களா சார், மணவறை. எவ்வளவு தெளிவாக வருகிறது பாருங்கள், உளுந்தூர்பேட்டை ரோட்டில்! அது யாழினி. அந்தக் காவி வேட்டி மாமனார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, துண்டு போட்டு வைத்திருக்கிறான். எனக்காம். வராதவன் இவன்தான் என்று ஊருக்குக் காட்டுவதற்கு என்ன யோசனை பாருங்கள்.

என்ன தட்டு? தாலித் தட்டா?

கேட்டீர்களா என்ன சொல்கிறான் என்று? ‘அண்ணே, திட்டுறத அப்புறம் திட்டுங்க. மூத்த மாப்பிள்ளை தொடாம தட்டு யாருகிட்டயும் போகக் கூடாதுன்னு மாமா புடிச்சிக்கிட்டாரு. அப்படியே தொட்டுக் குடுங்கண்ணே, நேரம் ஆவுது.’ தட்டைப் போனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறான். எங்கள் மாமனார் வீட்டு வழக்கம் அது. தாலியை வீட்டு மூத்த மாப்பிள்ளை தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் சபைக்குப் போகும். அய்யர் கையைப் பிசைகிறார். மேளக்காரன் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறான். யாழினி இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

ஒரு நிமிஷம், போனின் வாயைப் பொத்திக்கொள்கிறேன். அவனுக்குக் கேட்க வேண்டாம். சார், நீங்கள் பெரியவர், நெற்றி நிறைய விபூதி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் தொடுங்கள். அவனுக்கு விரல்தானே தெரியப்போகிறது? குழந்தைக்கும் ஆசீர்வாதம் ஆயிற்று, நானும் இறங்கிப்போகவில்லை. இந்தாருங்கள், இங்கே, மஞ்சள் கயிறு தெரிகிற இடத்தில். தொடுங்கள் சார். ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள்? நேரம் ஆகிறது என்கிறான், கேட்கவில்லையா?

என் கையை ஏன் பிடிக்கிறீர்கள்? விடுங்கள். சார், விடுங்கள் என்கிறேன். வலிக்கிறது. இத்தனை வயசுக்கு என்ன பிடி இது.

பட்டுவிட்டது.

மேளம் அடித்துவிட்டான் சார். தட்டு போய்விட்டது சபைக்குள்ளே. மாமனார் கும்பிடுகிறார் பாருங்கள், போனைப் பார்த்து. யாழினி... இருங்கள், அந்த ஜன்னலைச் சாத்துங்கள், தூசி கண்ணில் விழுகிறது.

அது என் விரல்தான். ஆனால் தொட்டது நீங்கள். நாளைக்கு அவன் கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.